பேட் என்ன, வெறும் ரப்பர்தானே?



நீண்ட பதிவு. ரிட்டயர்டு ஆன பிறகும் டீச்சர் பாடம் எடுக்க வந்துவிட்டார் என்று நினைப்பவர்கள் இப்போதே தள்ளிவிட்டுப் போகலாம். ஆனால் வீட்டில் மூட்டுவலிக்காரர் ஒருவர் இருந்தால், அதிலும் அவருக்குச் சர்க்கரையும் இருந்தால், போகாதீர்கள். உட்கார்ந்து படியுங்கள்.

சர்ஜிக்கல் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன மாதம் என்னிடம் ஒரு வாக்கியம் சொன்னார். "பேட் எல்லாம் ஒண்ணுதான் டீச்சர். மெஷின்தான் மேட்டர். பேட் என்ன, வெறும் ரப்பர்தானே?" அதே வாரம் என் தங்கை மகன் இன்னொன்று சொன்னான். "சுருக்குன்னு குத்துனாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம் பெரியம்மா." இந்த இரண்டு வாக்கியங்களும் தவறு. சின்னத் தவறு என்றால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். இவை தோலைப் பொசுக்கும் தவறுகள்.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மூட்டுவலி, இடுப்புவலி, தோள்பட்டை வலி என்று பிசியோதெரபிக்குப் போனால் வலிக்கிற இடத்தில் பேட் வைத்து மெல்லிய மின்சாரம் கொடுப்பார்கள். அதில் நம் ஊரில் அதிகம் புழங்குவது இரண்டு. ஒன்று டென்ஸ். சின்னச் சின்னத் துடிப்புகளாக மின்சாரம் போகும். கைக்கு அடக்கமான மெஷினாக ஆன்லைனிலும் விற்கிறார்கள். இன்னொன்று ஐ.எஃப்.டி. வினாடிக்கு 4,000 தடவைக்குப் பக்கமாக அலையடிக்கும் மின்னோட்டத்தை நான்கு பேட் வழியாக விடாமல் அனுப்புவது. கிளினிக்கில் மேஜை மேல் பெட்டி மாதிரி இருக்கும். வலி நரம்பின் செய்தியை மற்ற நரம்புகளின் செய்தியால் தண்டுவடத்திலேயே மறித்துவிடலாம் என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965-ல் சொன்ன 'கதவுக் கோட்பாடு'தான் டென்ஸுக்கு அடிப்படை.

மெஷின் எதுவாக இருந்தாலும் அது உங்கள் உடம்பைத் தொடுவதில்லை. உங்களைத் தொடுவது பேட். மின்சாரம் வெளியுலகை விட்டு உங்கள் தோலுக்குள் நுழையும் வாசல் அது. வாசலைப் பற்றிக் கவலைப்படாமல் வீட்டைப் பற்றி மட்டும் பேசினால் எப்படி?

சரி, ரப்பர் என்றாரே அந்த மாணவர். அவரை ஏழாம் வகுப்பில் நான்தான் படிக்கவைத்தேன். மின்கடத்தாப் பொருளுக்கு உதாரணம் கேட்டால் முதலில் கை தூக்கி "ரப்பர் டீச்சர்!" என்று சொன்னவர் அவராகத்தான் இருப்பார். பிறகு ரப்பர் வழியாக எப்படியப்பா மின்சாரம் போகிறது? ஒரு நாளாவது யோசித்தீர்களா?

ரப்பர் கடத்தாது. அதில் கலந்திருக்கும் கார்பன் தூள்தான் கடத்துகிறது. சிலிக்கான் ரப்பரைக் காய்ச்சும்போதே நுண்ணிய கரித்தூளைச் சேர்த்துப் பிசைந்துவிடுகிறார்கள். ஒரு கரித்துகள் பக்கத்துத் துகளைத் தொட்டுக்கொண்டிருக்க, அது அடுத்ததைத் தொட்டுக்கொண்டிருக்க, அப்படியே சங்கிலியாக மின்சாரம் போகிறது. கான்கிரீட் போடும்போது கீழேயிருந்து மாடிவரை வரிசையாக நின்று சட்டி கை மாற்றுவார்களே, அதுபோல. வரிசையில் இரண்டு பேர் டீ குடிக்கப் போய்விட்டால் என்ன ஆகும்? சட்டி வேறு வழியில் சுற்றிப் போகும், அல்லது அங்கேயே நிற்கும். ரப்பர் பேடை மடித்து மடித்து, வெல்க்ரோ பட்டையால் இறுக்கி இறுக்கி, வியர்வையும் எண்ணெயும் ஏறி, கண்ட திரவத்தால் துடைத்து, நாளடைவில் உள்ளே இந்தக் கை மாற்றும் வரிசை ஆங்காங்கே அறுகிறது. வெளியே பார்த்தால் கறுப்பு ரப்பர் அப்படியேதான் இருக்கும். மின்தடை மட்டும் ஏறியிருக்கும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறாது. பிரச்சினையே அங்கேதான்.

ஒட்டும் பேடின் கதை வேறு. மேலே துணி அல்லது ஃபோம். அதன் கீழே மெல்லிய கார்பன் படலம். சிலதில் வெள்ளிப் பூச்சும் உண்டு. அதற்கும் கீழே பிசுபிசுவென்று ஜெல். ஒட்டுவதும் அதுதான், கடத்துவதும் அதுதான். இந்த ஹைட்ரோஜெல்லில் இருப்பது தண்ணீர், கொஞ்சம் உப்பு, அவற்றைப் பிடித்துவைக்கும் பாலிமர் வலை. உப்பு அயனிகள் தண்ணீரில் நகர்ந்தால்தான் மின்சாரம் நகரும். தண்ணீர் வற்றினால் அயனி நகராது, தடை ஏறும். நம் ஊர் மே மாத வெயிலில் மேல்தாளை ஒட்டாமல் பேடை மேஜையில் போட்டுவைத்தால் முதலில் காய்வது ஓரம், பிறகு நடு. மறுபடியும் அதே கதை: ஒரு பக்கம் கடத்தும், ஒரு பக்கம் கடத்தாது.

இப்போது கணக்கு. முகம் சுளிக்காதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான். அழுத்தம் என்றால் விசையைப் பரப்பால் வகுப்பது என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? பள்ளிப் பையின் பட்டை அகலமாக இருந்தால் தோள் வலிக்காது. அதே பையைச் சணல் கயிற்றில் கட்டி மாட்டினால் தோளை அறுக்கும். புத்தகத்தின் எடை மாறவில்லை. தாங்கும் பரப்பு குறைந்தது. மின்சாரத்துக்கும் அப்படியே. மின்னோட்டத்தைத் தோலைத் தொடும் பரப்பால் வகுத்தால் வருவது மின்னோட்ட அடர்த்தி. தோலுக்குத் தெரிவது அந்த அடர்த்திதான். மெஷினின் திரையில் தெரியும் எண் தோலுக்குத் தெரியாது.

5 செ.மீ.க்கு 5 செ.மீ. சதுர பேட். பரப்பு 25 சதுர செ.மீ. டென்ஸில் உச்ச மின்னோட்டம் 40 மில்லி ஆம்பியர், ஒவ்வொரு துடிப்பும் மொத்தம் 200 மைக்ரோ வினாடி, வினாடிக்கு 100 துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு வினாடியில் நூற்றில் இரண்டு பங்கு நேரம்தான் மின்சாரம் ஓடுகிறது. ஆர்.எம்.எஸ். என்று ஒரு கணக்கு உண்டு, எவ்வளவு சூடாக்கும் என்பதைக் காட்டும் சராசரி. அந்தக் கணக்கில் 40 மில்லி ஆம்பியர் சுமார் 5.7 ஆகிறது. 25-ஆல் வகுத்தால் ஒரு சதுர செ.மீ.க்கு 0.23. பயமில்லை. இந்த வகைக் கருவிகளுக்கான 60601-2-10 என்ற பன்னாட்டுத் தரம், சதுர செ.மீ.க்கு 2 மில்லி ஆம்பியர் ஆர்.எம்.எஸ். தாண்டினால் இயக்குபவர் தனிக் கவனம் எடுக்க வேண்டும் என்று கருவியோடு வரும் கையேட்டில் எச்சரிக்கச் சொல்கிறது. 0.23 எங்கே, 2 எங்கே. ஆனால் அந்த பேட் காய்ந்து, பத்தில் ஒரு பங்கு மட்டும் தோலைச் சரியாகத் தொடுகிறது என்றால்? 2.3. கோடு தாண்டியாயிற்று. மெஷினில் எண் அதே 40-தான்.

ஐ.எஃப்.டி.க்கு வாருங்கள். அங்கே மின்சாரம் இடைவெளி இல்லாமல் ஓடுகிறது. உச்சம் 40 என்றால் ஆர்.எம்.எஸ். சுமார் 28. அதே 25 சதுர செ.மீ. பேடில், எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதே சதுர செ.மீ.க்கு 1.1. பேடில் பாதி வேலை செய்யவில்லை என்றால் 2.2. பத்தில் ஒரு பங்கு வரை போகவே வேண்டாம், பாதி கெட்டாலே போதும்! சூடு இந்த அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடர்த்தி இரண்டு மடங்கு என்றால் சூடு நான்கு மடங்கு. ஐ.எஃப்.டி.யால் தோல் ஆழமாக வெந்துபோன நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களிலேயே பதிவுகள் இருக்கின்றன. நான் பூச்சாண்டி காட்டவில்லை.

"தடை கூடினால் மின்னோட்டம் குறையும்தானே டீச்சர், ஓம் விதி அப்படித்தானே சொல்கிறது? அப்புறம் எப்படிச் சுடும்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கேட்கிற பிள்ளையைத் தட்டிக்கொடுப்பேன். மின்னழுத்தம் மாறாமல் இருந்தால்தான் அது உண்மை. இந்த மெஷின்களில் பெரும்பாலானவை மின்னோட்டத்தை மாறாமல் வைக்கும்படி செய்யப்பட்டவை. 40 என்று வைத்தால், தடை இரண்டு மடங்கானால் மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்கி, தன்னால் முடிந்த மட்டும் 40-ஐத் தள்ளிவிடும். கெட்டுப்போன பேடின் ஏதோ ஒரு மூலையில் இன்னும் நல்ல பாதை இருக்கிறது அல்லவா, அத்தனையும் அதன் வழியாகப் பாயும். மின்னழுத்தம் மாறாத வகை மெஷின் என்றால் வேறு விபத்து. பேட் பாதி தூக்கிக்கொண்டால் மின்னோட்டம் குறைகிறது. நோயாளி "ஒண்ணும் தெரியலையே" என்கிறார். குமிழைத் திருகிக் கூட்டுகிறார்கள். அப்புறம் யாரோ பேடை அழுத்திவிட, முழுத் தொடர்பும் சட்டென்று கிடைத்து, ஆளையே தூக்கிப்போடுகிறது.

குமிழைத் திருகுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்குக் கோபம் அதில்தான் அதிகம். தோசைக்கல் சீராகச் சூடேறவில்லை. நடுவில் மட்டும் காய்ந்து ஓரம் பச்சையாக இருக்கிறது. நீங்கள் அடுப்பைக் கூட்டுவீர்களா? கூட்டினால் ஓரம் வேகுமா? நடு கருகும். சமையலறையில் எந்தப் பெண்ணும் செய்யாத காரியத்தை, படித்த மனிதர்கள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வயதானவர்களின் முழங்காலில் செய்கிறார்கள்.

என் பெரியக்காவுக்கு 72 வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை. மூட்டுவலிக்குப் போன ஓரிடத்தில் ஐ.எஃப்.டி. வைத்தார்கள். பழைய ரப்பர் பேட், வெல்க்ரோ பட்டை. பேடின் விளிம்பில் வெடிப்பு இருந்ததை அக்காவே பார்த்திருக்கிறார். "எரியுதாம்மா?" என்று கேட்டார்களாம். "இல்ல தம்பி, ஒண்ணும் தெரியல" என்றாராம். தெரியவில்லை என்றால் கூட்டு. இன்னும் தெரியவில்லையா, இன்னும் கூட்டு. சர்க்கரையால் கால் நரம்பு மரத்துப்போனவருக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்து பாவாடையை விலக்கிப் பார்த்தபோது முழங்காலின் பக்கவாட்டில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குக் கொப்புளம். ஆற ஏழு வாரம் ஆயிற்று. கேட்கப் போனால் "பேட் அலர்ஜிம்மா, சிலருக்கு ஒத்துக்காது" என்றார்கள்.

அலர்ஜி என்றால் பேட் தொட்ட சதுரம் முழுக்கச் சிவந்திருக்க வேண்டும். இது நாணய அளவு. எந்த இடத்தில் தெரியுமா? ரப்பர் பேடில் ஒயரின் பின் செருகும் துளை இருக்குமே, சரியாக அதற்கு நேர் கீழே. நான் அந்த பேடை வாங்கி அக்காவின் காலில் வைத்துப் பார்த்தேன், அச்சாகப் பொருந்தியது. காரணம் எளிது. மின்சாரம் பின் வழியாக நுழைகிறது. தூரத்து மூலைக்குப் போக வேண்டுமானால் ரப்பருக்குள் நெடுந்தூரம் நடக்க வேண்டும். ரப்பர் புதியதாக இருந்தால் அது பெரிய தூரமில்லை. பழசாகித் தடை ஏறிவிட்டால், மூலைக்குப் போவதைவிடப் பின்னுக்குக் கீழேயே தோலுக்குள் இறங்கிவிடுவது அதற்குச் சுலபம். இறங்கிவிட்டது. இதில் அலர்ஜி எங்கே வந்தது?

இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் அரைகுறையாகப் படித்துவிட்டு "தடை குறைந்தால் நல்லது" என்று சிலர் கிளம்பிவிடுவீர்கள். கிளம்பியும் விட்டார்கள். அலுமினியத் தாளை வெட்டி பேடுக்குப் பதிலாக வைக்கலாம் என்று ஒரு வீடியோவை உறவுக்காரப் பையன் எனக்கு அனுப்பினான். உலோகத்துக்குத் தடையே இல்லையே, அருமையாக வேலை செய்யுமே என்று கேட்கிறான். ஐயா ராசா, அந்த வேலையை மட்டும் செய்யாதே! தோல் ஒரே சீரான பொருள் இல்லை. மேல்தோலின் வறண்ட படலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு தடிமன்தான். ஆனால் பெரும் தடை அதில்தான் இருக்கிறது. வியர்வைத் துளையும் மயிர்க்காலும் இருக்கும் இடங்களில் தடை குறைவு. உலோகத்தை நேராக வைத்தால் மின்சாரம் எல்லாம் அந்தச் சில துளைகளைத் தேடிப் பாயும். ஊசி குத்துவது போல இருக்கும். ஜெல் என்ன செய்கிறது என்றால், தனக்கென்று ஓரளவு தடையை வைத்துக்கொண்டு, எந்தத் துளை வழியாகவும் அளவுக்கு மேல் ஓடவிடாமல் பிடித்துவைக்கிறது. பந்தியில் ஒரே இலைக்கு ஆறு வடை போய்விடாமல் பார்த்துக்கொள்ளும் பெரியப்பா மாதிரி. அதனால் ஜெல்லுக்குத் தடை இருப்பது குறை இல்லை. அந்தத் தடை பேட் முழுவதும் சமமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இது விளங்கினால் தங்கை மகன் சொன்ன "குத்துனாத்தான் வேலை" என்ற பேச்சும் உடைந்துவிடும். சரியாக வைத்த டென்ஸ், எறும்பு கூட்டமாக ஊர்வது போல, பேட் முழுக்கப் பரவலாக விறுவிறுவென்று இருக்கும். ஒரு புள்ளியில் சுருக்கென்று குத்தினால் நரம்புக்கு வைத்தியம் நடக்கவில்லை. அந்தப் புள்ளி வழியாக மட்டும் மின்சாரம் போகிறது என்று தோல் புகார் சொல்கிறது. புகார் கொடுப்பவரைக் கண்டுகொள்ளாமல் குமிழைத் திருகுவது என்ன நியாயம்?

எண்ணெய், தைலம் விஷயம். நம் வீட்டுப் பெரியவர்கள் பிசியோவுக்குக் கிளம்பும் முன் முழங்காலில் நன்றாகத் தைலம் தேய்த்துக்கொண்டு போவார்கள். வலிக்குப் போகிறோம், தைலமும் சேர்ந்தால் இரட்டைப் பலன் என்று நினைப்பு. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. தைலத்தின் மேல் ஒட்டிய ஜெல் பேட் அன்றோடு பாதி செத்தது. முழங்காலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் போங்கள். தைலத்தை இரவு தேய்க்கலாம், ஓடிப் போய்விடாது. அதேபோல, ஸ்கேன் எடுக்கிற அல்ட்ராசவுண்ட் ஜெல்லை ரப்பர் பேடின் அடியில் பிதுக்குவதையும் பார்க்கிறேன். அது ஒலியைக் கடத்தச் செய்தது. மின்முனை ஜெல் என்று தனியாக விற்கிறது. பாட்டிலில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டியதுதானே?

ரப்பர் பேடுக்கு ஈரமான பஞ்சு உறை வைப்பது நல்ல முறை. ஆனால் சுத்தம் என்று நினைத்து காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைக்கிறார்கள். உப்பே இல்லாத தண்ணீர் சரியாகக் கடத்தாது. குழாய்த் தண்ணீரே மேல். எங்கள் சாத்தூர்ப் பக்கத்து உப்புத் தண்ணீர் ஒரு நல்ல காரியத்துக்கு உதவி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பஞ்சு முழுக்க ஒரே மாதிரி நனைந்திருக்க வேண்டும். இருபது நிமிஷத்தில் ஃபேன் காற்றில் ஒரு பக்கம் காய்ந்துவிட்டால் மறுபடியும் பழைய கதைதான்.

ஈரம் வேண்டும் என்பது மனிதனுக்கு எப்போதோ தெரிந்த விஷயம். ரோமாபுரியில் கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர் கீல்வாதத்துக்கு ஒரு வழி எழுதிவைத்தார். உயிருள்ள மின்திருக்கை மீனைக் காலடியில் வைத்துக்கொண்டு, அலை நனைக்கும் ஈரமான கடற்கரையில், முழங்கால்வரை மரத்துப்போகும்வரை நிற்க வேண்டும். ஈரமான கரை என்று அவர் குறித்திருக்கிறார் பாருங்கள். ஓம் விதி 1827-ல்தான் வந்தது. அதற்கு ஆயிரத்து எழுநூறு சொச்சம் வருஷத்துக்கு முன்பே அவருக்கு ஈரப்பதம் புரிந்திருந்தது. நம்மவர்கள் காய்ந்த பேடில் மின்சாரம் தேடுகிறார்கள்.

கடைக்காரர்களிடமும் தயாரிப்பாளர்களிடமும் எனக்கு ஒரு கேள்வி. ஈ.சி.ஜி. எடுக்கும் ஒட்டும் மின்முனைகளுக்கு அமெரிக்காவில் ஒரு தரம் இருக்கிறது. இரண்டு மின்முனைகளை ஜெல்லோடு ஜெல் ஒட்டவைத்து, 10 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தில் அளக்க வேண்டும். சராசரி 2,000 ஓமைத் தாண்டக் கூடாது. ஈ.சி.ஜி. மின்முனை என்ன செய்கிறது? இதயம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறது. கேட்டுக்கொண்டிருப்பதற்கே எண் போட்டு வரம்பு கட்டியிருக்கிறார்கள். உடம்புக்குள் மின்சாரத்தைத் தள்ளுகிற பேடின் பாக்கெட்டில் என்ன இருக்கிறது? நான் பார்த்த பாக்கெட்டுகளில் ரோஜாப்பூ படம் இருந்தது, "பிரீமியம் குவாலிட்டி" இருந்தது, ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். ஓம் கணக்கு ஒன்றிலும் இல்லை. காலாவதித் தேதி இரண்டில் இருந்தது. ஏன் போடக்கூடாது? பல்புக்கு வாட் போடுகிறோம், அரிசி மூட்டைக்கு எடை போடுகிறோம். புதியதாக இருக்கும்போது இத்தனை ஓம், இத்தனை தடவை ஒட்டிய பிறகு தூக்கி எறி என்று இரண்டு வரி அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்?

"ஒரு நோயாளிக்கு மட்டும்" என்று ஒட்டும் பேடின் பாக்கெட்டிலேயே எழுதியிருக்கும். அதை நாள் முழுக்க எட்டு பேர் முதுகில் ஒட்டுகிற இடங்கள் இருக்கின்றன. ஒருவரின் தோல் செதிலும் வியர்வையும் அடுத்தவருக்கு. சுகாதாரத்தை விடுங்கள், மின்சாரக் கணக்குப்படியே அது தவறு. ஜெல்லின் மேல் செதிலும் நூலும் படியப் படியத் தொடும் பரப்பு குறைகிறது. நான்கு பேட் சில நூறு ரூபாய். நோயாளியே வாங்கித் தன் பெயர் எழுதி வைத்துக்கொள்ளலாம். கேட்டால் கொடுப்பார்கள். கேட்பதற்குத்தான் நமக்குக் கூச்சம்.

ஒரு சொட்டுத் தண்ணீர் தடவினால் பழைய ஜெல் பேட் பிழைத்துவிடும் என்பார்கள். ஓரளவு உண்மை, சில கம்பெனிகளே சொல்வதுதான். வற்றிய தண்ணீரை அது திருப்பிக் கொடுக்கும், அழுக்கை எடுக்காது. ஒட்டிப் பார்க்கும்போது நான்கு மூலையும் தோலில் படிந்து நிற்கிறதா? நின்றால் சரி. ஒரு மூலை தூக்கினாலும் குப்பைக்கு. செல்லோ டேப் போட்டு ஒட்டுவதெல்லாம் வேண்டாம்.

பிசியோதெரபிஸ்டுகள் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. நாலரை வருஷம் படித்து வந்த என் மாணவிகள் இரண்டு பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள். ஒருத்தி, பேட் வைக்கும் முன் நோயாளியின் கண்ணை மூடச் சொல்லி, கூர்மையானதும் மழுங்கியதுமாக மாற்றி மாற்றித் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மெஷினையே தொடுவாள். இரண்டு நிமிஷ வேலை. என் அக்காவுக்கு யாரும் அந்த இரண்டு நிமிஷத்தைச் செலவழிக்கவில்லை. நான் திட்டுவது அந்த அவசரத்தை. படித்தவர் உள்ளே உட்கார்ந்திருக்க, நேற்றுச் சேர்ந்த உதவியாள் பேட் கட்டிவிட்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கத்தை.

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூட்டுத் தேய்மான வலிக்கு டென்ஸும் ஐ.எஃப்.டி.யும் கொடுக்க வேண்டாம், பலன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. உடற்பயிற்சிதான் அவர்கள் முதலில் சொல்வது. எனக்குத் தெரிந்த சிலர் டென்ஸ் வைத்தால் தூக்கம் வருகிறது என்கிறார்கள், அவர்களிடம் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் பலன் இவ்வளவு சந்தேகத்தில் இருக்கும் ஒரு காரியத்துக்கு, சந்தேகமே இல்லாத தீக்காயத்தை விலையாகக் கொடுப்பது எந்த ஊர்க் கணக்கு?

வீட்டில் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு: எப்போதும் பூஜ்யத்தில் தொடங்குங்கள், பேடை ஒட்டிய பிறகுதான் ஆன் செய்யுங்கள், எடுக்கும் முன் ஆஃப் செய்யுங்கள். ஓர் இடத்தில் குத்தினால் மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு பேடையும் இடம் மாற்றி ஒட்டுங்கள். குத்தலும் பேடோடு சேர்ந்து இடம் மாறினால் பேட் கெட்டுவிட்டது. குத்தல் பழைய இடத்திலேயே இருந்தால் அங்கே தோலில் கீறலோ வறட்சியோ இருக்கிறது. முடிந்ததும் தோலைப் பாருங்கள். லேசாகப் பரவலாகச் சிவந்து, கொஞ்ச நேரத்தில் மறைந்தால் பயப்பட வேண்டாம். புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்தால் அந்த பேடை மறுநாள் தொடாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பக்கத்திலேயே போகக் கூடாது. கழுத்தின் முன்பக்கம் யாருக்கும் வைக்கக் கூடாது.

ரப்பர் பேடை மல்டிமீட்டரில் அளக்கலாம். பின் செருகும் இடத்தில் ஒரு கம்பி, ரப்பரின் நான்கு மூலைகளில் மாறி மாறி இன்னொரு கம்பி. நான்கு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் நல்ல பேட். அக்காவுக்கு வைத்த பேடின் பக்கத்து மூலை சில நூறு ஓம் காட்டியது, எதிர் மூலை ஆயிரக்கணக்கில் போயிற்று. புதியது வாங்கிய அன்றே அளந்து பேடின் முதுகில் பெயின்ட் பேனாவால் தேதியோடு எழுதிவையுங்கள். பிறகு மாதம் ஒரு தடவை ஒப்பிட்டால் போதும். ஜெல் பேடை அப்படி அளக்க முடியாது. மல்டிமீட்டர் கொடுப்பது நேர்மின்னோட்டம், ஜெல்லில் ஓடுவது அயனி. கம்பி முனையில் அயனிகள் குவிந்துகொள்வதால் எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். அந்த எண்ணை வைத்து பேட் நல்லது கெட்டது என்று வீடியோ போடுகிறவர்களை நம்பாதீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணியிலிருந்து மல்டிமீட்டரோடு வீட்டுத் திண்ணையில் இருப்பேன். பழைய ரப்பர் பேட் வைத்திருப்பவர்கள் கொண்டுவரலாம், அளந்து தருகிறேன். சர்ஜிக்கல் கடைக்காரரும் கடையில் இருக்கும் பேடுகளில் வகைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு வர வேண்டும், இது டீச்சர் உத்தரவு. ஜெல் பேடைத் தூக்கிக்கொண்டு யாராவது அளக்க வந்தால், பதிவைக் கடைசிவரை படிக்கவில்லை என்று வாசலிலேயே தெரிந்துவிடும். டீ உண்டு.